சந்தனத்தைக் கழுவச் சொன்ன புதன்கிழமை

லைட் ரூமுக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். "மிஸ்ஸி, உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் குடுங்க, பிள்ளைங்க படிக்கட்டும்" என்றும் கேட்டார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மா இருக்கும் ஒரு நர்ஸிடம் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனி நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆளுயரப் பெட்டி, உள்ளே சுற்றிலும் நீண்ட குழல்விளக்குகள். வெண்புள்ளி உள்ளவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நிற்பார். நீங்கள் வெளியே நின்று ஒளியின் அளவைப் போட்டுப் பொத்தானை அழுத்துவீர்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, மாதக்கணக்கில் இதையே செய்ய வேண்டும். மைக்ரோவேவில் மீன் கறி சூடு பண்ணத் தெரிந்தவருக்கு இதுவும் அரை நாளில் வந்துவிடும். பெட்டிக்கு வெளியே நடப்பதுதான் பிடிபட வருடக்கணக்கில் ஆகிறது.

பயத்திலும் பதற்றத்திலும்தான் தப்பு நடக்கும் என்று உங்களுக்குப் படித்துக் கொடுத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் வேலைக்காலத்திலேயே பெரிய தப்பை நான் செய்தது, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்.

குணா கிள்ளான்காரர். அப்போது முப்பத்து நான்கு வயது. வாரநாட்களில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் சூப்பர்வைசர். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் எம்சி. நம் ஊர்க் கல்யாணத்தில் எம்சி என்றால் என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை பெண்ணை உள்ளே அழைக்க வேண்டும், கேக் வெட்ட வைக்க வேண்டும், பாட வெட்கப்படும் மாமாவை மேடையேற்ற வேண்டும், பிறகு அதே மாமாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கி இறக்கிவிடவும் வேண்டும். குணா இதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

அவர் எங்களிடம் வந்தபோது மேடையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. உதட்டைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை படர்ந்திருந்தது. பத்து விரல்களின் நுனியிலும் நிறம் போயிருந்தது. கல்யாணங்களுக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் மண்டபத்தின் கடைசியில், ஒலிபெருக்கிக்காரர் மேசைக்குப் பின்னால், தலையில் தொப்பியோடு.

முதல் நாள் நிரப்பும் வாழ்க்கைத்தர ஃபாரம் உங்களிடமும் இருக்கும். தோல் நோயால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் கேள்விகள். அதை நோயாளி கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள். நான் கேட்டேன்.

"போன வாரம் வெளிய போக வர சங்கடமா இருந்துச்சா?"

"வெளிய போனாதானே மிஸ்ஸி சங்கடம்? ஃபேக்டரிக்கும் கல்யாணத்துக் கடைசி மேசைக்கும் தவிர நான்தான் எங்கயும் போறதே இல்லயே."

"வேலைக்கு ஏதும் இடைஞ்சல்?"

"ஃபேக்டரியில ஒண்ணும் இல்ல. அங்க இருக்கிறது எல்லாம் பெட்டி. பெட்டிக்குக் கண்ணு கிடையாது."

"மேடை வேலைக்கு?"

அதுவரை வேடிக்கையாகப் பதில் சொன்னவர் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். "மைக்க வாய்கிட்டதான் புடிக்கணும் மிஸ்ஸி. எல்லாரும் பாக்குறது வாயையும் கையையும்தான். எனக்கு ரெண்டும் வெள்ளையாயிருச்சு. கிள்ளான்ல ஒரு கல்யாணத்துல, முன் மேசையில ஒரு ஆன்டி, நான் கிட்ட போனதும் பேரப்புள்ளைய இழுத்து மடியில வச்சிக்கிட்டாங்க. ஒட்டிக்கும்னு நெனச்சிட்டாங்க போல. அன்னைக்கு எறங்கினவன்தான்."

வெண்புள்ளி ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துபோனது. நீங்களும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

அப்பா அம்மா இல்லாத வீடு அவருடையது. புவனா என்று ஒரே தங்கை. அடுத்த வருடம் தைப்பூசம் முடிந்து அவளுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். "அவள நான்தான் மைக்ல பேரச் சொல்லி உள்ள கூப்பிடணும். சின்ன வயசுலயே வாக்குக் குடுத்துட்டேன். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க மிஸ்ஸி" என்றார். முகம் பெரும்பாலும் ஒளிக்கு இணங்கும், விரல் நுனி பிடிவாதம் பிடிக்கும், சில பேருக்கு வராமலே போகும் என்று டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். சரி என்று தலையாட்டினார். நல்ல செய்தியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டவரின் தலையாட்டல் அது.

ஒவ்வொரு புதனும் சனியும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வருவார். சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நம் கிளினிக் வரை நடப்பார். மூன்றாவது மாதம் மேலுதட்டுக்கு மேல் மிளகுத்தூள் தூவினாற்போல பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நிறம் திரும்புவது அப்படித்தான், முடி முளைக்கும் துவாரங்களிலிருந்து புள்ளி புள்ளியாக வரும். கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் போய் நின்றுகொண்டு கல்யாண எம்சி குரலில், "அன்பான உறவுகளே, நண்பர்களே, இன்று நம்மோடு இணைந்திருக்கும் ஐந்து புதிய புள்ளிகளுக்கு ஒரு பலத்த கைத்தட்டல்" என்று அறிவித்தார். வெளியே காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிலிருந்து எல்லாத் தடவையும் பெட்டிக்குள் ஒரு நிகழ்ச்சி நடக்கும். சொரியாசிஸ் சிகிச்சைக்கு வந்த ஒரு பஞ்சாபி அங்கிள், தன் நேரத்தை மாற்றிக்கொண்டு குணா வரும் நேரத்துக்கே வர ஆரம்பித்தார். தமிழ் அவருக்கு அரைகுறைதான்.

வருடக் கடைசியில் வாயும் கண்ணும் நிறைந்துவிட்டன. விரல்கள் அப்படியே இருந்தன. "கையப் பத்தி அப்புறம் பாப்போம், மிஸ்ஸி. வாய்க்கு நேந்துக்கிட்டேன், முருகன் வாயக் குடுத்துட்டாரு" என்றார். பத்துமலையில் முடி இறக்குவதாக வேண்டுதல். அதை ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தார். நானும் நல்லது என்று சொல்லியிருந்தேன். ஒரு நர்ஸ் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நான் பக்தையாக மட்டும் யோசித்தேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் புதன்கிழமை. விடுமுறை முடிந்து திறந்ததால் உட்கார இடம் இல்லாத கூட்டம். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனத்தோடு, கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு குணா உள்ளே வந்தார். நிறம் நிறைந்த அந்த முகத்தையும் மொட்டையையும் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருட உழைப்பு இல்லையா? பஞ்சாமிர்தத்தை எல்லோருக்கும் நான்தான் பங்கு போட்டேன். பஞ்சாபி அங்கிள் இரண்டு முறை வாங்கினார்.

தோலில் எதுவும் பூசியிருக்கக் கூடாது என்பது நமது விதி. க்ரீம், பவுடர், எண்ணெய் எது இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் பெட்டிக்குள் போக வேண்டும். "மொதல்ல போய் அந்தச் சந்தனத்தக் கழுவிட்டு வாங்க" என்று அதட்டினேன். நல்ல பிள்ளையாகக் கழுவிவிட்டு வந்தார். "போன தடவை சிவந்துச்சா?" "இல்ல மிஸ்ஸி." வழக்கம்போல அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். உள்ளே முருகனுக்கு நன்றியுரை ஆரம்பமானது. சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் காலை கிளினிக் கதவைத் திறக்க நான் வந்தபோது குணா படியில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத் துண்டு. அதை எடுத்தார். காதுக்கு மேலிருந்து பின்மண்டை வரை அவித்த இறால் நிறம். பின்னால் இரண்டு இடத்தில் கொப்புளம்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கு அந்தப் படியில் நின்றபோதுதான் புரிந்தது. அந்த அளவை ஒரு வருடமாகப் படிப்படியாக ஏற்றியிருந்தோம். முகமும் கையும் அதற்குப் பழகியவை. முடிக்கு அடியில் இருந்த தோல் முந்தைய நாள்தான் முதன்முதலில் அந்த ஒளியைப் பார்த்தது. அதோடு, பின்மண்டையில் இரண்டு வெண்புள்ளிகள் யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல், முடிக்குள் ஒளிந்திருந்தன. கொப்புளம் வந்தது அங்கேதான். சந்தனம் அப்படியே இருந்திருந்தாலாவது கொஞ்சம் காப்பாற்றியிருக்கும். விதியைச் சொல்லி அதையும் நான்தான் கழுவ வைத்தேன். கழுவிவிட்டு வந்த தலையைத் திருப்பி ஒரு முறை பார்க்கவில்லை.

"பத்துமலையில வெயில்ல ரொம்ப நேரம் நின்னேன் மிஸ்ஸி. அதுவாதான் இருக்கும்" என்றார் குணா.

பாருங்கள், எனக்குத் தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்தார். 'ஆமாம், வெயில்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

அவரை உட்கார வைத்துக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். நடந்ததைக் கேட்டு முகம் மாறாமல், "மருந்த நான் எழுதுறேன் மிஸ்ஸி. நடந்தத நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அவரு உங்கள மறுபடி நம்ப மாட்டாரு" என்றார். நான் பணி செய்த காலம் முழுக்க எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் உருப்படியானது இது. சொன்னவருக்கு அப்போது வயது நாற்பது கூட இல்லை.

சொன்னேன். பூசி மெழுகவில்லை. வெயில் இல்லை, நான் போட்ட அளவு, பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை என்றேன்.

"இதுனால புதுசா வெள்ளை வருமா?"

"வரலாம். காயம் பட்ட எடத்துல வர்றது உண்டு."

"மொகத்துல?"

"தெரியல."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "கல்யாணத்துக்குப் பதினேழு நாளு இருக்கு. ஒரு வருஷத்துல நீங்க தெரியலன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தவறு நடந்தால் எழுதும் புத்தகத்தில் எழுதினேன். தினமும் போன் செய்தேன். குணா எடுக்கவில்லை, புவனாதான் எடுப்பாள். "அண்ணன் ரூம விட்டு வர மாட்டேங்குது மிஸ்ஸி. மேடைக்கு வேற ஆளப் பாத்துக்கன்னு சொல்லிருச்சு." கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மருந்தைத் தடவச் சொல்லு என்றேன். நான்காம் நாள், "வேற எம்சி புக் பண்ணிட்டேன் மிஸ்ஸி, அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. கல்யாண வேலையில் அவளுக்கு வருத்தப்பட நேரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன் தலையைக் காட்ட வந்தார். கொப்புளம் வற்றியிருந்தது. தோல் உரிந்து ஒரு இடம் சிவப்பு, ஒரு இடம் கறுப்பு, பின்னால் ஐம்பது காசு அளவில் இரண்டு வெள்ளை. முகத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சொன்னேன். "ம்" என்றார். பஞ்சாபி அங்கிள் "டுடே நோ ஷோ?" என்று கேட்டதற்கும் "ம்". போகும்போது கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்தார். "புவனா குடுக்கச் சொன்னா."

ஒவ்வொரு தடவையும் நீங்கள் நிரப்பும் ஃபாரத்தின் முதல் வரியில் 'இன்று புதிதாக வெளியே தெரிவது என்ன?' என்று ஒரு கேள்வி இருக்கும். மொட்டை, மழித்த தாடி, கழற்றிய மோதிரம், எடுத்து வைத்த வளையல், கழுத்தில் மாறிய சங்கிலி. அந்த வரி அந்த வாரம் சேர்ந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று உங்களைத் தேற்ற ஆள் இருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சறுக்கிய இடத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

கல்யாண விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மதியம். பத்திரிகையில் பன்னிரண்டு மணி. நம் ஆட்கள் வந்து உட்கார ஒன்று ஆகிவிட்டது. நாற்பது மேசையும் நிறைந்தது. எனக்குக் கடைசி மேசை, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். அங்கே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார் குணா. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

ஒன்றேகால் ஆனது. மேடையில் யாரும் இல்லை. குணா கடிகாரத்தைப் பார்த்தார். "எம்சி எங்க?" என்று ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டார். அவர் கையை விரித்தார். அப்போது குணாவின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். போனை இறக்கிவிட்டு அந்தப் பதினேழு நாளில் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"புக் பண்ணலயாம் மிஸ்ஸி. யாரயுமே புக் பண்ணலயாம். நான் கூப்பிட்டாதான் உள்ள வருவாளாம். மாப்பிள்ளையும் வெளிய நிக்கிறாராம், அவளுக்குத் துணையா."

முன்பக்கம் மேசைகளில் தலைகள் திரும்ப ஆரம்பித்திருந்தன.

"தொப்பியோட போகவா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் வாயில் வந்து நின்ற பிரசங்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. நிறத்தில் என்ன இருக்கிறது, மனசுதான் முக்கியம், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் மென்று விழுங்கினேன். மூன்று வருடமாக இதையெல்லாம் அவரிடம் சொல்லாத ஆள் யார்? அவர் என்னிடம் கேட்டது நான் நர்ஸ் என்பதால்தானே என்று பட்டது. தொப்பியைத் தூக்கித் தலையைப் பார்த்தேன்.

"தொப்பி வேணாம். மேடை லைட்டு சூட்டுல உள்ள வேர்க்கும், எரியும். தோலு இன்னும் சரியா ஆறல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சிரித்துவிட்டார். தொப்பியை என் மேசையில் வைத்தார், என் கிளாசில் இருந்த தண்ணீரையே குடித்தார், நடந்தார். நாற்பது மேசைகளுக்கு நடுவே அந்தப் பல வண்ணத் தலை போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒளியை ஏற்றிய எத்தனையோ நாட்களில் கும்பிடாத சாமியை எல்லாம் அப்போது கும்பிட்டேன்.

மேடையேறி மைக்கை எடுத்தார். வெள்ளை விரல்கள் கடைசி மேசை வரை தெரிந்தன.

"எல்லாருக்கும் வணக்கம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என் தலையையே பாக்குறீங்க. தெரியுது லா." திரும்பி நின்று பின்மண்டையை நிதானமாகக் காட்டினார். "நல்லா பாத்துக்குங்க. முன்னால ஒரு கலரு, பின்னால மூணு கலரு. பயப்படாதீங்க, ஒட்டாது. ஒட்டுறதா இருந்தா மொதல்ல எங்க மிஸ்ஸிக்கு ஒட்டியிருக்கணும். அதோ கடைசி மேசையில, கோழி எப்ப வரும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நாற்பது மேசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கே போய் ஒளிவேன்? எழுந்து ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு அவர் குரல் மாறியது. "அன்பான உறவுகளே, எங்க வீட்டுப் பொண்ணு வரா. எம் புவனா வரா." கதவு திறந்தது. புவனா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள், அலங்காரம் பண்ணிய பெண் பின்னாலேயே டிஷ்யூவோடு ஓடி வந்தாள். நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். அதன் பிறகு மூன்று மணி நேரம் குணா மைக்கைக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் பழைய பாட்டு இரண்டு பாடினார். மூன்றாவதற்குத் தொண்டையைச் சரிசெய்தபோது குணா அழகாக இறக்கிவிட்டார்.

தோல் ஆறியதும் மறுபடி குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், பின்மண்டைக்கும் விரலுக்கும் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் திட்டம் போட்டார். அவருக்கான புதன், சனி எல்லாவற்றிலும் பென்சிலால் பெயர் எழுதி வைத்தேன். முதல் புதன் வரவில்லை. சனியும் வரவில்லை. முகத்தில் புதிதாக ஏதாவது வந்து வீட்டுக்குள் முடங்கிவிட்டாரோ என்று பயந்து போன் செய்தேன். பின்னால் ஒரே சத்தம்.

"மிஸ்ஸி, ஷா ஆலம்ல ஒரு கல்யாணத்துல இருக்கேன்."

"அடுத்த சனி?"

"பங்சார்ல ஒரு அறுபதாம் கல்யாணம். அதுக்கு அடுத்ததும் புக் ஆயிருச்சு."

"புதன்கிழமையாவது வாங்களேன்."

"புதன்தான் ரிகர்சல் மிஸ்ஸி."

"குணா, கை இன்னும் வரல. இப்ப நிறுத்தினா மொகமும் கொஞ்சம் மங்கலாம். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும் மிஸ்ஸி. மங்கினா வரேன், நீங்கதானே இருக்கீங்க. கைய இப்படியே விட்டுருங்க. வீடியோல மைக்கு புடிச்ச கை பளிச்சினு தெரியுதுன்னு கேமராக்காரரு சொல்றாரு. சரி, கேக்கு வந்துருச்சு, வச்சிறவா?"

வைத்துவிட்டார். நான் அப்பாயிண்ட்மென்ட் புத்தகத்தை எடுத்து, ஆறு மாதத்துப் புதன், சனிகளில் எழுதியிருந்த அவர் பெயரை ஒவ்வொன்றாக ரப்பர் போட்டு அழித்தேன். அழித்துக்கொண்டிருந்தபோது பஞ்சாபி அங்கிள் எட்டிப் பார்த்து, ஏன் பாட்டு முணுமுணுக்கிறேன் என்று கேட்டார்.